மைக் காருக்கு இரண்டாம் கியர்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்தார். பனியனுக்கும் லுங்கிக்கும் நடுவில் சுருட்டி வைத்திருந்த இரும்பு உருளையை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, அடுத்த மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "ஆக்கள் அங்கையிருந்து சீலை கொண்டாறவை, இந்தாள் கிணத்து மோட்டரைக் கழட்டிக்கொண்டு வந்திருக்குது எண்டு சொல்லுறார்."

"கெணத்து மோட்டார் இல்லைங்க. டைனமோ, பழைய காருக்கு" என்றேன். எந்தக் கார் என்று அம்மாள் மூலமாக அதிகாரி கேட்டார். ஏ ஃபார்ட்டி என்று சொன்னதும் அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அவருடைய அப்பா அந்தக் காரில்தான் அவரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவாராம். அதையும் அந்த அம்மாள்தான் சொன்னார். அதிகாரியே டைனமோவை லுங்கியில் சுற்றிப் பத்திரமாக உள்ளே வைத்தார். இந்த மரியாதை எனக்கு என் கடைத் தெருவில்கூடக் கிடைத்ததில்லை.

கோவையில் கார் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். அம்பாசடர்கள் ஓடிய காலத்தில் டைனமோ காயில் சுற்றித்தான் வீடு கட்டினேன், பெண்ணைக் கட்டிக் கொடுத்தேன். இப்போது கடைக்குப் பின்னால் அவை தூசி பிடித்துக் கிடக்கின்றன. அதில் ஒன்று கேட்டுத்தான் யாழ்ப்பாணத்துப் புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். தேவராஜா என்று வைத்துக்கொள்வோம். இதில் வரும் ஆட்களின் பெயர் எல்லாமே நான் மாற்றியவை. பார்சலில் அனுப்புகிறேன் என்றேன். "பார்சலிலை டைனமோ வரும், நீங்கள் வருவியளோ?" என்றார். சொந்தக்காரன்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கிளம்பிவிட்டேன்.

வெளியே கறுப்பு ஏ ஃபார்ட்டி நின்றது. கூரையில் ஒன்று முன்னால் பார்த்தும் ஒன்று பின்னால் பார்த்தும் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். பக்கத்தில் தேவராஜா, எழுபது வயது மதிக்கத்தக்க மனிதர், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

"கட்சிக் காருங்களாண்ணா?" என்றேன்.

"சீ, கட்சிக்கு ஆர் தம்பி குடுக்கிறது! இது செத்தவீட்டுக் கார்."

எங்கள் ஊரில் செத்துப்போனால் நாற்சந்தியில் பிளக்ஸ் பேனரில் சிரித்துக்கொண்டு நிற்போம். யாழ்ப்பாணத்தில் மைக் கார் வருகிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், இன்னாரின் மகள், இன்னாரின் சகோதரி என்று உறவுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறது. வீட்டில் வேலையாக இருப்பவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு படலைக்கு வந்து கேட்கிறார்கள். படலை என்றால் அங்கே வேலி வாசல். செத்தது யார் என்று மட்டும் கேட்பதில்லை. யார் பெயர் சொன்னார்கள், யார் பெயரை விட்டார்கள் என்பதையும் கேட்கிறார்கள். விடப்பட்டவர் செத்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்.

அந்தி நேரம். ஒவ்வொரு சந்தியிலும் கார் நிற்கும்போது ஹெட்லைட் மஞ்சளாகிச் செத்துப்போகும். கிளம்பி வேகம் பிடித்ததும் உயிர் வரும். ஹாரன் அடித்தால் ஆட்டுக்குட்டி கத்தியது. வழியில் ஒரு தூறல். வைப்பர் கண்ணாடியின் பாதிவரை ஏறி, நின்று, யோசித்து, இன்ஜின் உறுமியதும் மீதியைத் துடைத்தது. எனக்கு வாயெல்லாம் பல். இது என் மொழி அல்லவா! இந்தக் காலத்துக் காரில் ஆல்டர்னேட்டர் இருக்கிறது, இன்ஜின் சும்மா ஓடினாலும் கரண்டு கொடுக்கும். பழைய காரில் இருப்பது டைனமோ. இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அது சுரக்கும். மெதுவாக ஓடினால் ஒன்றும் தராது. அப்போது விளக்கு, வைப்பர், ஹாரன் எல்லாமே பேட்டரியைத்தான் உறிஞ்சும். டைனமோ வேலை செய்யவில்லை என்று சொல்ல டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

"அப்ப மைக்கு?" என்று கேட்டேன்.

"அதுதான் ரெண்டாம் கியரிலை ஓடுறனான்" என்றார் தேவண்ணை. "சனத்துக்குக் கேக்கோணுமெண்டா கார் மெள்ளப் போகோணும். மைக் கத்தோணுமெண்டா இன்ஜின் கெதியா ஓடோணும். மூண்டாம் கியரிலை மெள்ளப் போனா மைக் படுத்திடும். ரெண்டிலை போட்டு மிதிச்சா கார் மெள்ள, இன்ஜின் கெதி. பெற்றோல் குடிக்கும்தான். என்ன செய்யிறது, செத்த ஆளுக்கு அது கடைசிப் பயணமல்லோ."

வலது காதைக் காட்டி, அது மந்தம் என்றும் சொன்னார். கூரைக் குழாய்க்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து போனதாம். அதனால் கத்திப் பேசினேன். நான் சாதாரணமாகவே கத்தித்தான் பேசுவேன் என்பாள் என் மனைவி.

புத்தூர் வீட்டில் அவருடைய அக்கா படுக்கையில் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், கிரேஸ் ரீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல், தாய்க்குத் தாயாக இரண்டு தம்பிகளையும் வளர்த்தவர். நெஞ்சில் நீர் கட்டி, இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தலையணையில் சாய்ந்தபடி, "இந்தியாவிலையிருந்து வந்த பிள்ளைக்குப் பிட்டுக்கு மாம்பழம் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார். ஐம்பத்தாறு வயதுப் பிள்ளை நான். பிட்டில் மாம்பழத்தைப் பிசைந்து தின்றேன். நாங்கள் புட்டுக்குக் கடலைக்கறி தேடி அலைகிறோம், என்ன ஜென்மம்!

சாப்பிட்டு முடித்ததும் என் முன்னாலேயே தம்பியைக் கூப்பிட்டார். "தேவன், என்ரை அறிவித்தலிலை ஜெயத்தின்ரை பேர் வரோணும். அவன்ரை மனிசியின்ரை பேரும். அவன்ரை தெருவிலை சொல்லோணும். நீயே சொல்லோணும்."

"ஓம் அக்கா."

"அம்மாவுக்குச் செய்த மாதிரிச் செய்யாதை."

"இல்லை அக்கா. சத்தியமா."

ஜெயராஜா சின்னத் தம்பி. குருநகரில் மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கரவெட்டியில் இருக்கிறார். கட்டிய கோபத்தில், அம்மா செத்தபோது தேவண்ணை மைக்கில் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஊர் ஊராக அந்தப் பெயரில்லாத அறிவித்தல் போயிருக்கிறது. அன்றோடு சரி, அண்ணன் தம்பி பேச்சு இல்லை. அக்காவையும் பார்க்க வரவில்லை, அண்ணன் வீடு என்பதால். இதையெல்லாம் கிணற்றடியில் வைத்துத் தேவண்ணையே சொன்னார். "நான் செய்தது பிழை தம்பி. வடிவாத் தெரியும். ஆனா என்ரை வாயாலை கூப்பிட்டா அவன் வரான். மைக்கிலை பேர் கேட்டா வருவான். அக்காவின்ரை முகம் பாக்க வருவான்."

சனிக்கிழமை காலை டைனமோவைக் கழற்றினேன். என் அம்பாசடர் சரக்கு எல்லாவற்றிலும் பொருந்தியது, மாட்டுகிற காது ஒன்றைத் தவிர. லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் கடைய வேண்டும். லேத்துக்காரர் திங்கள் கழிந்து வரச் சொன்னார். "ஒரு மணி நேர வேலைங்க" என்று சண்டைக்குப் போனேன். "ஓம் அண்ணை, ஒரு மணித்தியாலந்தான், செவ்வாய்க்கிழமை" என்றார், கோபமே இல்லாமல். பழைய டைனமோவையே திரும்ப மாட்டினேன்.

ஞாயிறு விடிய கிரேஸ் ரீச்சர் போய்விட்டார். தேவண்ணை கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டார் பாணும் பிளேன்ரீயும் கொண்டுவந்தார்கள். பாண் என்றால் ரொட்டி, பிளேன்ரீ என்றால் பாலில்லாத தேநீர். ஒருவரும் தொடவில்லை. ஞாயிறு அச்சகம் பூட்டு, நோட்டீஸ் அடிக்க வழியில்லை. மறுநாளே அடக்கம். ஆக, மைக் கார்தான்.

வேறு யாராவது ஓட்டட்டும் என்றார்கள். "நான் அக்காவுக்குச் சொன்னனான்" என்று எழுந்தார். அவர் போனில் பதிவு சரியாக விழவில்லை என்பதால் என் போனைக் கொடுத்தேன். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் சொல்ல, நான் போனைப் பிடித்தேன். "புத்தூரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட செல்வி கிரேஸ் ரத்தினமணி அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார் காலஞ்சென்ற தம்பிப்பிள்ளை எலிசபெத் தம்பதிகளின் அன்பு மகளும், கரவெட்டியில் வசிக்கும் ஜெயராஜா, அவரது பாரியார் மெர்சி, புத்தூர் தேவராஜா ஆகியோரின் பாசமிகு சகோதரியும் ஆவார்." இளையவரை முதலில் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. ஏன் என்று கேட்டேன். "அவன் முதல்லை இருக்கட்டும்" என்றார்.

பதிவைக் காரின் ஆம்ப்ளிஃபயரில் போட்டுக் கிளம்பினோம். பக்கத்து ஊர்களையெல்லாம் முதலில் சுற்றினோம். பனைக்கூட்டம், வெங்காயத் தோட்டம், வேலிக்கு வேலி நின்று கேட்கும் முகங்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி இறங்கி நின்றார். எல்லாம் இரண்டாம் கியரில். இன்ஜின் அலறியது, மைக்கும் அலறியது. தேவண்ணை தன் குரல் தன் அக்காவின் சாவைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். எனக்குத்தான் தாங்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வல்லை வெளியைக் கடந்தோம். வீடே இல்லாத பரந்த வெளி, காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. அதற்குள் பேட்டரி நன்றாக இளைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கரவெட்டிக்குள் நுழைந்ததும், "மிதிச்சே ஓட்டுங்கண்ணா" என்று இடது காதில் கத்தினேன். தலையாட்டினார்.

ஜெயராஜாவின் ஒழுங்கையில் திரும்பினோம். சந்து என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள். நீல நிறப் படலை. ஒரு மனிதர் வெள்ளை வேட்டி சட்டையில் வெளியே வந்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவண்ணை மாதிரியே மூக்கு. சொல்லாமலே தெரிந்தது.

"உவன்தான்" என்றார் தேவண்ணை. அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்தது. கார் நடக்கிற மாதிரிப் போனது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. தலைக்கு மேலே மைக் கம்மி, முனகி, ஒரு சில நொடி ஒன்றுமே இல்லாமல் போய், மறுபடி கார் வேகம் பிடித்ததும் எழுந்தது. அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை எனக்கு. காலையிலிருந்து அந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டு என் காது அதைப் பிரித்துக் கேட்பதையே நிறுத்தியிருந்தது. தேவண்ணைக்கோ வலப்பக்கக் காது மந்தம், மனமும் அங்கே இல்லை. இரண்டு பேரும் அந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒழுங்கை முடிந்ததும், "மறுபடி ஒருக்கா சுத்தி வரலாங்கண்ணா, சத்தம் கொஞ்சம் எறங்குச்சு" என்றேன்.

"ஒரு வாசலிலை ரெண்டு தரம் சாவு சொல்லப்படாது. அடுத்த சாவைக் கூப்பிடுற மாதிரி. அவன் படலைக்கு வந்தவன் தானே, கேட்டிருப்பான்."

திங்கட்கிழமை வீடு நிறைய ஆட்கள். பாட்டுப் புத்தகமும் கையுமாகப் பாடினார்கள். கிரேஸ் ரீச்சரிடம் படித்தவர்களே ஒரு ஊர் அளவுக்கு இருப்பார்கள். தேவண்ணை மட்டும் பெட்டியின் பக்கத்தில் நிற்கவில்லை, படலையில் நின்றார். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் தலையை நீட்டினார். போதகர் வந்து தோளைத் தொட்டார். "இன்னும் கொஞ்சம் பாப்பம் ஐயா." போதகர் இன்னொரு பாட்டுப் பாட வைத்தார். அதற்குப் பிறகு இன்னொன்று. கடைசியில் பெட்டியை மூடினார்கள். ஆணி அறையும் சத்தத்தைக் கேட்டபோதுதான் தேவண்ணை படலையை விட்டு உள்ளே வந்தார். மூடிய பெட்டியின் மேல் கையை வைத்து, "அக்கா, நான் சொன்னனான் அக்கா. அவன் வரேல்லை" என்றார்.

சேமக்காலையில் மண் போட்டுவிட்டு வந்தோம். கிறிஸ்தவர்கள் இடுகாட்டை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். வழியெல்லாம் ஜெயராஜாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கூடப் பிறந்தவளின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒருவனுக்கு எவ்வளவு கொழுப்பு வேண்டும்!

செவ்வாய்க்கிழமை லேத்துக்காரர் சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் கடைந்து கொடுத்தார். டைனமோவை மாட்டினேன். காயிலைக் கொஞ்சம் தாராளமாகவே சுற்றியிருந்தேன். இன்ஜினைத் தணித்து ஓடவிட்டும் ஹாரன் பழைய மாதிரி சுணங்கவில்லை. தேவண்ணை பார்த்துவிட்டு, "நல்லம்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை, பருத்தித்துறை வடை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பொய் இல்லை, வடையும் வாங்கத்தான் நினைத்தேன். எங்கள் ஊர்த் தட்டையைத்தான் அவர்கள் வடை என்கிறார்கள், அதில் எனக்கும் தேவண்ணைக்கும் ஒரு வழக்கு இருந்தது. ஆனால் உண்மையான காரியம் ஜெயராஜாவை நாலு கேள்வி நறுக்கென்று கேட்பது. பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். "கிரேஸ் ரீச்சரின்ரை செத்தவீட்டுக்குத் தம்பிக்காரன் போகேல்லையாமே?" "பேர் சொல்லாத இடத்துக்கு எந்த மானமுள்ளவன் போவான்?" சொன்னோமே! நானே போனைப் பிடித்தேனே! யாரோ கதை கட்டிவிட்டார்கள் என்று இன்னும் கோபம் ஏறியது.

கரவெட்டிக்குப் பக்கத்து நெல்லியடியில் இறங்கி நடந்து நீலப் படலையைத் தட்டினேன். அவரே வந்தார். இந்தியாவிலிருந்து வந்தவன், அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறேன் என்றேன். முகம் இறுகியது. ஆனாலும், "இருங்கோ" என்று நாற்காலி போட்டார். அவர் மனைவி மெர்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் தண்ணீரைத் தொடாமலே ஆரம்பித்துவிட்டேன். "ஏனுங்க, பெத்த தாய் மாதிரி வளத்தவங்க. மொகத்தப் பாக்க வராம இருக்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

"உடுப்பு மாத்தி வெளிக்கிட்டு நிண்டனான்" என்றார் ஜெயராஜா, மெதுவாக. "காலமை ஆக்கள் சொல்லிச்சினம் அக்கா போயிட்டா எண்டு. மைக் வரட்டும், இந்த முறையெண்டாலும் அண்ணை என்ரை பேரைச் சொல்லுதோ பாப்பம் எண்டு சொல்லிப்போட்டுப் படலையிலை நிண்டனான். அப்பா அம்மா பேர் கேட்டுது. பிறகு ஒண்டுமில்லை. பிறகு 'தேவராஜா ஆகியோரின் சகோதரி' எண்டு அவரின்ரை பேர்தான் கேட்டுது. அதுக்குமேலை கேக்க நிக்கேல்லை, உள்ளை போய் உடுப்பைக் கழட்டினன்."

போனை எடுத்துப் பதிவைப் போட்டேன். தேவண்ணையின் குரல் அந்த முற்றத்தில் கேட்டது. கரவெட்டியில் வசிக்கும் ஜெயராஜா, அவரது பாரியார் மெர்சி. மெர்சி வாயைப் பொத்திக்கொண்டார். ஜெயராஜா இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன்.

"என்ரை பேர் முதல்லை" என்றார்.

"ஆமாங்க. அவருதான் அப்படிச் சொல்லணும்னாரு."

"பிறகேன் எனக்குக் கேக்கேல்லை?"

நான் எத்தனையோ பேருக்கு டைனமோவைப் பற்றி விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி ஒரு நாளும் வாய் குழறியதில்லை. இன்ஜின் வேகம் குறைந்தால் கரண்டு வராது, மைக் படுத்துவிடும், அதனால்தான் ஊரெல்லாம் இரண்டாம் கியரில் மிதித்துக்கொண்டே வந்தார் என்றேன். "உங்க வாசல்ல மட்டும் மெதுவாப் போனாருங்க. உங்களப் பாத்துட்டு அழுதாரு. காலு எழுந்திருச்சு."

அவர் நாற்காலியிலிருந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ என்ரை அக்கா, முகம் பாக்கேல்லையே நான், வெளிக்கிட்டு நிண்டனே" என்று கதறினார். மெர்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். கேட்க வந்த கேள்வி ஒன்றும் நினைவில் இல்லை.

அழுகை ஓய்ந்ததும், "வாங்க போகலாம், அண்ணங்கிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். "சொல்லாதையுங்கோ. உங்களைக் கும்பிட்டன். தான் மெள்ளப் போனதாலைதான் நான் வரேல்லை எண்டு தெரிஞ்சா, அந்தாள் தாங்காது. அக்காவுக்குக் குடுத்த வாக்கை என்ரை காலாலை நானே கெடுத்தன் எண்டு யோசிச்சே செத்துப்போகும். நான் திமிரிலை வரேல்லை எண்டே இருக்கட்டும். கொஞ்ச நாள் போகட்டும், நான் போறன். திமிர் அடங்கி வந்தவன் எண்டு நினைச்சுக்கொள்ளட்டும்."

"ஊரு உங்களத் திட்டுங்க."

"திட்டட்டும். எனக்குப் பழகினதுதானே."

வடை வாங்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வந்தபோது தேவண்ணை முற்றத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெறுங்கையைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

"கரவெட்டிக்குப் போனனீங்கள், என்ன?"

"ஆமாங்கண்ணா."

"கண்டனீங்களோ அவனை?"

"பாத்தேன்."

"ஏன் வரேல்லையாம்?"

துணி அவர் கையில் அப்படியே நின்றது. எங்கே காது கேட்காமல் போய்விடுமோ என்று நல்ல காதை என் பக்கம் திருப்பி, கிட்ட வந்து நின்றார்.

"வர மனசில்லைன்னு சொன்னாருங்க" என்றேன்.